அத்தியாயம் 4: கேட்க வைக்காத உதவி

நம்மவர்களுக்கு உதவி செய்வது பெரிய கஷ்டமில்லை. கேட்பதுதான் கஷ்டம். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தனியே இருக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்ளுங்கள். மகன் ரொறன்ரோவில், மகள் லண்டனில். மின்விசிறி பழுதாகிவிட்டால் இரண்டு கிழமை வியர்வையில் கிடப்பாரே தவிர எதிர்வீட்டுக் கதவைத் தட்டமாட்டார். "அவையளுக்கு ஏன் கரைச்சல்" என்பார். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்து வேலை நின்றுபோன ஒரு தகப்பன், ஞாயிறு பூசையில் காணிக்கைத் தட்டு வரும்போது எப்போதும் போடுவதையே போடுவார். பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடக் கூடாதே என்ற எண்ணம். இந்தக் கூச்சத்தைக் குறையென்று நினைக்க வேண்டாம், அது மானம். அந்த மானத்தில் கை படாமல் உதவுவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

வேதாகமத்தில் இதற்கு நல்ல வழிகாட்டல் உண்டு. அது இருப்பது, பிரசங்கத்தில் அதிகம் கேட்காத ஒரு விவசாயச் சட்டத்தில். வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்திய கதிரைத் திரும்பிப் பொறுக்காதே, அதை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்கிறது லேவியராகமம் 19ஆம் அதிகாரம். இந்த ஏற்பாட்டில் ஏழை யாருடைய வாசலிலும் வந்து நிற்க வேண்டியதில்லை. தன் கையால் பொறுக்கி, தன் முந்தானையில் கட்டிக்கொண்டு போகலாம். மோவாபிலிருந்து வந்த ரூத் அப்படித்தான் பிழைக்கிறாள். வயற்காரனான போவாஸ் இன்னும் ஒரு படி போகிறான். கட்டிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று அறுப்பவர்களிடம் சொல்லிவைக்கிறான். அவளிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நல்ல சமாரியனின் உவமையை லூக்கா 10ஆம் அதிகாரத்தில் எல்லோரும் படித்திருப்போம். அதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவனுடைய கணக்கு வழக்கை. காயத்துக்கு எண்ணெயும் திராட்சை இரசமும் வார்க்கிறான், தன் மிருகத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான், இரவு பார்த்துக்கொள்கிறான். மறுநாள் இரண்டு தெனாரியம், அதாவது ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம், சத்திரக்காரனிடம் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று சொல்லிவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்கிறான். வேலையை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. அலுவலகம், பிள்ளைகளின் டியூஷன், காலி வீதி நெரிசல் என்று ஓடும் நமக்கு இது பெரிய ஆறுதல். பொறுப்பெடுப்பதற்கு எல்லை வைக்கலாம். அந்த எல்லைக்குள் பொறுப்பு முழுதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி நடைமுறைக்கு வருவோம். முதலில் ஒரு வாக்கியத்தை விட்டுவிடுங்கள்: "ஏதும் தேவையெண்டாச் சொல்லுங்கோ." மனதார நல்ல எண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால் அது வேலையை அவர்கள் தலையில் போட்டுவிடுகிறது. என்ன தேவை என்று அவர்களே யோசித்து, எது உங்களுக்குப் பாரமாக இராது என்று அளந்து, பிறகு வாய் திறக்க வேண்டும். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அம்மா, நாளைக்கு விடிய மார்க்கெட்டுக்குப் போறன். நல்ல பாரை வந்தா உங்களுக்கும் அரைக் கிலோ எடுக்கட்டோ?" ஓம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். நீங்கள் எப்படியும் போகிற இடம், ஆகவே அவருக்குக் குற்ற உணர்ச்சியும் இல்லை. மீனுக்குக் காசு நீட்டினால் வாங்குங்கள். இதில் பலர் தவறுகிறார்கள். "ஐயோ, என்னத்துக்கு அம்மா காசு" என்று ஒரு தடவை மறுத்தால், அடுத்த தடவை அவர் உங்களிடம் மீன் சொல்லமாட்டார். காசை வாங்கி மிச்சத்தைச் சரியாகத் திருப்பிக் கொடுத்தால் வருடக்கணக்கில் சொல்லுவார்.

உங்கள் தளத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா? மூன்று மாடி வீடுகள் இருந்த ஒழுங்கைகளில் இப்போது பத்து மாடி எழுந்திருக்கிறது. லிஃப்டில் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பெயரைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தவர் என்றால் எந்த ஊர் என்று கேட்காமல் விடமாட்டோம். அந்த ஆர்வத்தில் பாதியை அவருடைய உடல்நிலையை விசாரிப்பதில் காட்டலாம். தனியே இருப்பவர் என்றால் வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் தொலைபேசி இலக்கம் ஒன்றையும், அவர் சம்மதித்தால் வீட்டின் உபரித் திறப்பு ஒன்றையும் வாங்கி வைத்திருங்கள். 1990 என்ற இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அவருடைய போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை முற்றிலும் இலவசம். அது தெரியாமல், எவ்வளவு கேட்பார்களோ என்று பயந்து, நெஞ்சு நோவோடு விடியும்வரை காத்திருக்கிற முதியவர்கள் இருக்கிறார்கள்.

கிளினிக் நாள்தான் தனியே இருப்பவர்களுக்கு மிகவும் கடினமான நாள். களுபோவில ஆஸ்பத்திரியோ பெரியாஸ்பத்திரியோ, விடியற்காலையே போய் இலக்கம் எடுக்க வேண்டும், பிறகு மருந்து வரிசை வேறு. ஒரு காலைப்பொழுது லீவு எடுத்து ஒருவரோடு கூடப் போவது, ஒரு வருடத்து அன்பளிப்புப் பார்சல்களைவிடப் பெறுமதியானது என்பது என் அபிப்பிராயம். வடக்கிலிருந்து பிள்ளையோடு இருக்க வந்த பலருக்குச் சிங்களம் தெரியாது. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழிதான். ஆனால் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவருக்குத் தமிழ் தெரிய வேண்டுமே. நீங்கள் மொழிபெயர்க்கப் போனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டொக்டர் நோயாளியை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்குவார். ஐந்து நிமிடம் அவர் சொன்னதை நீங்கள் "ஒண்டுமில்லையாம் அம்மா, குளிசை மாத்தியிருக்கினம்" என்று சுருக்கிவிடாதீர்கள். முழுவதையும் சொல்லுங்கள். உடம்பு அவருடையது. திரும்பி வரும் வழியில் அவருடைய நோயைப்பற்றி அடுத்த வீட்டில் சொல்வதில்லை என்று உங்களுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில் "இன்னாருடைய கான்சருக்காக ஜெபிப்போம்" என்று அறிவிப்பதும் ஊருக்குச் சொல்வதுதான். அவர் சம்மதம் தந்தாலொழிய பெயர் வேண்டாம். கடவுளுக்கு ஆள் யாரென்று தெரியும்.

வெளியே போகும் முன் நம் குசினிக்குள் ஒரு தடவை பார்த்துவிடுவோம். கொழும்பின் எத்தனையோ தமிழ் வீடுகளில், கிறிஸ்தவ வீடுகள் உட்பட, ஹட்டன் பக்கத்திலிருந்தோ பதுளையிலிருந்தோ வந்த ஒரு பெண் வேலை செய்கிறாள். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போய் ஏழைகளுக்குப் பாண் கொடுக்கிற அதே வீட்டில் அவளுக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு, இருக்க ஒரு பலகை. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எந்த நோன்பும் எந்த நவநாளும் இதை ஈடுகட்டாது. சம்பளத்தை மாதத்தின் ஒரே நாளில் அவள் கையிலேயே கொடுங்கள், "கேக்கிறபோது தாறன்" என்று பிடித்து வைக்காதீர்கள். கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு. தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ ஊருக்குப் போகப் பணமும் நாளும். வீட்டோடு பேச போன். வயதைப் பொறுத்தவரை, வேலைக்கு அமர்த்துவதற்கான குறைந்தபட்ச வயதை 2021இல் சட்டம் 14இலிருந்து 16 ஆக உயர்த்தியது. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை இருக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம் என்பதற்குச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. "நாங்கள் அவளைப் பிள்ளை மாதிரித்தான் வச்சிருக்கிறம்" என்று சொல்லும் வீடுகளில் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: உங்கள் பிள்ளை எங்கே சாப்பிடுகிறது?

கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் செவ்வாய்தோறும் கூட்டம் வழிவது தெரிந்ததே. கத்தோலிக்கரோடு சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். அந்த இடத்தின் கதையும் ஒளிந்து வாழ்ந்த ஒருவரோடு சேர்ந்தது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் வியாபாரி வேடத்தில் இருந்தார் என்பது அங்கே வழங்கிவரும் மரபு. தேடப்படுகிற ஒருவரைக் கடற்கரை மீனவர்கள் காட்டிக்கொடுக்காமல் வைத்திருந்த இடத்தில்தான் நாம் இன்று நேர்த்தி வைக்கிறோம். வாசலில் கை நீட்டுபவர்களைப் பற்றிப் பெரிய விவாதம் எப்போதும் உண்டு: காசு கொடுக்கலாமா, குடிப்பானா, இது ஒரு தொழிலா. நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், லாசரைப் பற்றிய பிரசங்கங்களில் இந்த விவாதத்தையே ஒதுக்கிவிடுகிறார். ஏழையின் ஒழுக்கத்தைப் பரிசோதிப்பது கொடுப்பவனின் வேலை இல்லை, அவனுடைய தேவையைப் பார்த்தால் போதும் என்பது அவர் கருத்து. கொடுக்கப் போகிறீர்கள் என்றால் கொடுங்கள், இல்லை என்றால் முகத்தைப் பார்த்து "இப்ப இல்லை ஐயா" என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஐம்பது ரூபாவைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்க்கை வரலாறு கேட்பதுதான் மோசம். குழந்தையைக் காட்டிக் கேட்பவர்களிடம் மட்டும் நான் காசைத் தவிர்த்து உணவு வாங்கிக் கொடுப்பதை விரும்புவேன்; இது என் தனிப்பட்ட வழக்கம், விதியில்லை.

இலங்கையின் புனிதர் யோசேப்பு வாஸ் இந்த விஷயத்தில் நமக்கு மிக நெருக்கமானவர், அவரே பிச்சை கேட்டவர் என்பதால். கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணக் கரையில் இறங்கியபோது அவர் கூலியாளின் உடையில் இருந்தார். வயிற்றோட்டத்தில் சாகக் கிடந்து எழுந்தவர், யார் கத்தோலிக்கர் என்று அறியக் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கை நீட்டினார். 1697இல் கண்டியில் அம்மை பரவி, வசதியானவர்கள் ஊரைவிட்டு ஓடியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளுக்குக் கஞ்சி கொடுத்து, புண் கழுவி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். எந்தச் சமயம் என்று பார்க்கவில்லை. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது அங்கே நின்றவர்களில் பலர் இந்தப் புத்தகத்தின் வாசகர்களாக இருக்கலாம். சேவை செய்த வாஸைப் பற்றி நிறையப் பேசுகிறோம். வாசலில் நின்று வாங்கிச் சாப்பிட்ட வாஸை யோசித்தால், கொடுக்கும்போது நம்முடைய குரல் கொஞ்சம் இறங்கும்.

கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தோட்டங்களில், ஒரே தண்ணீர்க் குழாயைச் சுற்றி வாழ்பவர்களிடையே உதவி எப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு சுண்டு அரிசி, ஒரு தேங்காய்ப் பாதி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவது. அவர்களுக்கு இந்த அத்தியாயம் தேவையில்லை. அங்கே உதவப் போகிற பங்குச் சபைகளுக்குத் தேவை. பாரிஸில் 1833இல் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தி போல் சபையின் பழைய முறை ஒன்று இன்றும் நல்லது: இருவர் இருவராக, ஏழையின் வீட்டுக்கே போய், உட்கார்ந்து பேசுவது. மண்டபத்தில் வரிசையில் நிறுத்திப் பெயர் வாசித்துப் பொதி கொடுப்பதில் அந்த நாகரிகம் இல்லை. 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று நின்றே ஜனங்கள் களைத்துப்போயிருந்த நாட்களில், நிவாரணத்துக்கும் ஒரு வரிசை, அதற்கு மேல் ஒரு படம். பருப்புப் பையை வாங்குகிறவரின் முகம் முகநூலில். கொடையாளிக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் பற்றுச்சீட்டை அனுப்புங்கள், பொதிகளை அடுக்கிப் படம் எடுங்கள். முகம் வேண்டாம். குழந்தையின் முகம் கட்டாயம் வேண்டாம்.

அரிசிப் பைக்குள் துண்டுப்பிரசுரமும் வைக்காதீர்கள். இதில் சில சகோதரர்கள் என்னோடு உடன்படமாட்டார்கள் என்று தெரியும். பசியோடு இருப்பவர் வேண்டாம் என்று சொல்ல முடியாத நேரத்தில் கொடுக்கப்படும் சுவிசேஷம் அவரைச் சுதந்திரமாகக் கேட்க விடுவதில்லை. அயலவரும் அதை மறக்கமாட்டார்கள். இந்தக் கொட்டாஞ்சேனையிலேயே, 1883 மார்ச் 25ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, பௌத்த ஊர்வலம் ஒன்றும் கத்தோலிக்கரும் மோதி ஊரே கலவரப்பட்டது. 2019 ஏப்ரல் 21, இன்னொரு உயிர்த்த ஞாயிறு. அந்தோனியார் தலத்திலும் நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களிலும் ஹோட்டல்களிலுமாக 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அன்று இரத்தம் கொடுக்க எல்லாச் சமயத்தவரும் வரிசையில் வந்தார்கள். அதன் பின்வந்த கிழமைகளில் முஸ்லிம் கடைகளில் வாங்காதீர்கள் என்ற பேச்சு பரவியது, மே 13ஆம் திகதி குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அப்படியான நாட்களில் கிறிஸ்தவரால் செய்யக்கூடியது மிகச் சாதாரணமானது: வழக்கமாக வாங்கும் கடையில் வழக்கம்போலப் போய் வாங்குவது. விளக்கம் கேட்காமல், "நீங்கள் நல்ல முஸ்லிம்" என்று சான்றிதழ் கொடுக்காமல், முட்டையும் சீனியும் வாங்கிக்கொண்டு, பிள்ளைகள் எப்படி என்று விசாரித்துவிட்டு வருவது.

வாங்கியும் பழக வேண்டும். வெசாக் நாளில் தன்சல் வரிசையில் நின்று அயலவர் தரும் சோற்றைச் சாப்பிடுங்கள். நோன்புக் கஞ்சி வந்தால் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பாதீர்கள். வெள்ளவத்தைத் தமிழர் இந்த நகரத்தில் வாங்கியவர்கள் என்பதை மறந்துவிட்டோம். 1983 ஜூலையில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் உயிர் தப்பியது சிங்கள அயலவர் வீட்டு அறைகளில். பிறகு யுத்த காலத்தில், வன்னியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த உறவினரை வீட்டில் தங்கவைப்பதே பொலிஸ் பதிவு, இரவுச் சோதனை, கேள்வி என்று வந்து முடியும். வீடு கிடைக்காதவர்கள் லொட்ஜுகளில் இருந்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் அந்த லொட்ஜுகளிலிருந்து முன்னூற்றுக்கும் மேற்பட்டோரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. விருந்தோம்பலுக்கு ஒரு விலை இருந்த காலம் அது. இப்போது பயமும் குறைவு, அறையும் பெரிது. பரீட்சைக்கு மட்டக்களப்பிலிருந்து வரும் ஒரு பிள்ளைக்கு, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத் தாயைக் கூட்டிவரும் ஒரு குடும்பத்துக்கு மூன்று இரவு இடம் கொடுக்கலாம். எத்தனை நாள் என்று முதலிலேயே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். தெளிவில்லாத விருந்தோம்பல்தான் பிறகு முணுமுணுப்பாகிறது.

காசு கடன் கேட்டால்? திரும்பி வராவிட்டாலும் உறவைக் கெடுக்காத தொகையை மட்டும், கொடையென்றே மனதில் நினைத்துக் கொடுங்கள். அதற்கு மேல் முடியாது என்றால் அன்றே சொல்லுங்கள். "பாப்பம், அடுத்த கிழமை சொல்லுறன்" என்று இழுப்பது, கேட்டவரை இரண்டாம் முறையும் கேட்க வைப்பது. குடும்பத்துக்குள் சண்டை, அடி, தற்கொலைப் பேச்சு என்று தெரிந்தால் அது ஜெபத்தோடு தனியே சமாளிக்கும் காரியமில்லை. மனநல உதவிக்கு 1926, பொலிஸுக்கு 119.

கடைசியாக, செத்த வீடு. நம் சனம் இதில் குறை வைப்பதில்லை. முதல் நாள் தேத்தண்ணியும் கதிரையும், அடக்கத்துக்கு ஆட்களும், எட்டுவரை சாப்பாடும் வந்துவிடும். நீங்கள் மூன்றாவது கிழமை போங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் திரும்பிப் போயிருப்பார்கள், பாத்திரங்கள் கழுவி உரியவர்களுக்குக் கொடுத்தாகியிருக்கும். கணவனை இழந்த பெண்ணுக்கு முன்னால் ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். அவர் கேட்கமாட்டார். "அக்கா, நாளைக்கு எனக்குப் பிரதேச செயலகத்தில ஒரு அலுவல் இருக்கு, நீங்களும் வாறீங்களோ, உங்கட வேலையையும் முடிச்சிடுவம்" என்று சொல்லி ஓட்டோவைப் பிடியுங்கள். இறப்புச் சான்றிதழில் நாலைந்து பிரதிகள் ஒரேயடியாக எடுங்கள். வங்கி, ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, ஓய்வூதியம் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கேட்பார்கள். விவாகச் சான்றிதழ், இருவரது அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் நிழற்பிரதி எடுத்து ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரைச் சந்திக்கக்கூடிய நாள் எதுவென்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போனால் ஒரு அலைச்சல் குறையும்.